லேமினேட் செய்ய வேண்டாம், டீச்சர்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெரியத்தை காலமான பிறகு பழைய லயத்துக் காம்பராவைக் காலி செய்தோம். அட்டலில் (அடுப்புக்கு மேலுள்ள பரண்) அப்பாயியின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் தாத்தா யுத்த காலத்தில் எழுதிய 11 கடுதாசிகள். தாத்தா 1942இல் தன் அப்பாவின் கருமாதிக்காக இந்தியாவில் துறையூர்ப் பக்கம் போனவர், அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாயி இரண்டு பிள்ளைகளோடு இங்கே லயத்தில். 1946இல்தான் அவர் திரும்பி வந்தார். 1971இல் செத்துப்போனார், நான் அவரைப் பார்த்ததில்லை.

ஆசையாக வாசித்தேன். ஏமாற்றம்தான். யுத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாயியைப் பற்றி அன்பாக ஒரு சொல் இல்லை. ஆடு, கூப்பன், கூரை, காசு. முதல் ஏழும் மையில், நல்ல எழுத்து. கடைசி நாலும் பென்சிலில் கோழிக் கிறுக்கல், அதிலும் இடைக்கிடை ஊதாக் கறை. ஒரு கடுதாசியில் சதுரமாக ஓட்டை. இவை போக இரண்டு தாள்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடக்கின்றன. பூஞ்சண வாடை வேறு. எல்லாவற்றையும் லேமினேட் பண்ணி பிரேம் போட்டு மாட்டுவோம் என்கிறார் அப்பா. கோத்தகிரியில் உள்ள சித்தப்பா வீட்டார் பாதியைக் கேட்கிறார்கள். உறைகள் கிழிந்து கிடந்ததால் எறிவதற்கு ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறோம். கடுதாசிகள், ஒட்டிய தாள்கள், ஒரு உறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

அன்புள்ள டீச்சர்,

மிச்சத்தை வாசிப்பதற்கு முன் அந்தப் பையை எடுத்து உள்ளே வையுங்கள். குப்பை வண்டி வந்துவிட்டால் நான் கீழே எழுதுவதில் பாதி வீண். எப்படி, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது லேமினேட். வேண்டாம். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சூட்டில் பசையை உருக்கித் தாளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒட்டுவதுதான் லேமினேட். ஒட்டினால் ஒட்டினதுதான். பத்து வருடத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகி ஓரம் பிரியும்போது தாளையும் உரித்துக்கொண்டு வரும். ஒட்டும் டேப்பும் அதே மாதிரி. சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டி, காய வைக்க வெயில், இரண்டும் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஊதாக் கறைதான். அது பூஞ்சணம் இல்லை, மழைத் தண்ணீரும் இல்லை. போட்டோவைப் பெருப்பித்துப் பாருங்கள். கறை கண்டபடி சிதறவில்லை. ஒரு சொல் அடர்த்தியான ஊதா, அடுத்த சொல் மங்கல், அதற்கடுத்தது வெறும் சாம்பல், பிறகு மறுபடி ஊதா. அந்தக் காலத்துப் 'காப்பிங்' பென்சில் அது. கரியோடு ஊதாச் சாயமும் சேர்த்துச் செய்வார்கள். காய்ந்தபடி எழுதினால் சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டால் மை மாதிரி ஊதாவாகும், பிறகு ரப்பரால் அழிக்க முடியாது. மைக்கூடு கொண்டு திரிய வசதி இல்லாத பட்டாளத்துக்காரருக்கு அது பெரிய உதவி. எழுதுகிறவர் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். நீங்கள் கறை என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் அவர் பென்சிலை வாயில் வைத்திருக்கிறார். நீங்கள் அனுப்பியதில் ஒரு பக்கத்தை எண்ணினேன். 19 இடங்கள்.

ஈரம் பட்டால் அது இன்றைக்கும் ஊறும். 25 வருடங்களுக்கு முன், பழைய தாள்களைப் பேணும் வேலையில் நான் பயிற்சியில் இருந்த ஓரிடத்தில், யாரோ ஒருவரின் கடிதத்தை அழுக்குப் போகட்டும் என்று தண்ணீர்த் தட்டில் இறக்கினேன். வெறும் பென்சில் என்று நினைத்தேன், சோதித்துப் பார்க்கவில்லை. அரை நிமிஷத்தில் தட்டு முழுக்க ஊதா. எடுத்தபோது தாள் முழுக்க ஊதாக் கறை, எழுத்தை வாசிக்க முடியவில்லை. உரியவரிடம் போய்ச் சொன்ன அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கிற வேலை உங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

இனி உங்கள் ஏமாற்றத்துக்கு வருகிறேன்.

முதல் ஏழு கடிதங்களின் அடியில், 'இதை எழுதிக் கொடுத்தவரும் தங்கள் சுகம் விசாரித்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். தாத்தா அப்போது எழுதத் தெரியாதவர். இன்னொருவர் முன்னால் குந்தியிருந்து அவர் சொல்லச் சொல்ல அந்த ஆள் எழுதியிருக்கிறார். எழுதியதைத் தணிக்கை அதிகாரி வாசிப்பார். பிறகு கப்பல், ரயில், தோட்டத்துத் தபால் பை. இங்கே வந்ததும் அப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளையோ வேறு யாரோ ஒஃபிஸ் வாசலில் நின்று நாலு பேர் கேட்க வாசித்திருப்பார். ஒரு புருஷன் தன் பெண்சாதிக்குச் சொல்கிற ஒரு பேச்சு, அவளிடம் போய்ச் சேர்வதற்குள் மூன்று அந்நிய ஆம்பிளைகளின் வாயையும் கண்ணையும் கடந்தாக வேண்டும். அந்த நிலையில் நீங்களோ நானோ என்ன சொல்லியிருப்போம்? ஆட்டைப் பற்றித்தான் கேட்டிருப்போம்.

நீங்கள் அனுப்பியதில் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மூன்றாம் கடிதத்தில் எழுதுகிறவர் இப்படிப் போட்டிருக்கிறார்: 'கூரை ஒழுகினால் கங்காணியாரிடம் தெரிவித்துத் தகரம் மாற்றிக்கொள்ளவும்.' கிறுக்கல் எழுத்துக் கடிதம் ஒன்றிலும் அதே கூரை வருகிறது: 'கூர ஒளுகுதா ஒம் பாய் போடுர பக்கம்.'

முதலாவது அறிவித்தல். இரண்டாவதில் ஒரு மனுசன் ராத்திரி நேரத்தில் அந்தக் காம்பராவுக்குள் நிற்கிறான். முதலாவதிலும் தாத்தா இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். எழுதிக் கொடுத்தவர் படித்தவர், பண்பானவர், 'பாய் போடுர பக்கம்' என்று எழுதக் கூசியிருப்பார்.

அப்படியென்றால் கிறுக்கல் யாருடையது? நிச்சயம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் தாத்தாவுடையது என்றே எண்ணுகிறேன். அந்த நாலிலும் 'எழுதிக் கொடுத்தவர்' வரவில்லை. 'ழ' வரவேண்டிய இடமெல்லாம் 'ள', பேசுகிறபடியே எழுத்து, வரி மேலே ஏறி ஏறிப் போகிறது. முப்பது வயதில் எழுதப் பழகிய கை அப்படித்தான் ஓடும். நீங்கள் டீச்சர், முதலாம் வகுப்புக் கொப்பி எத்தனை பார்த்திருப்பீர்கள். பட்டாளத்தில் கூட இருந்த யாரிடமோ அரிச்சுவடி பழகி, வேறொருவர் வாயில் விழாமல் தன் பெண்சாதியிடம் பேச ஒரு வழி செய்திருக்கிறார். (அந்தப் பக்கம் வாசித்தது கணக்கப்பிள்ளைதான் என்பதை அவர் மறந்தாரா, பரவாயில்லை என்று விட்டாரா தெரியாது.) இந்தக் கிறுக்கலையா லேமினேட் மெஷினுக்குள் விடப் பார்த்தீர்கள்?

யுத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. ஒரு உறையின் பின்பக்கத்துப் போட்டோவில் இங்கிலீஷில் ஐ.பி.சி. என்ற எழுத்துகளும் ஒரு படை எண்ணும் தெரிகின்றன. அது இந்தியப் பயனியர் படை. துப்பாக்கியைவிட மண்வெட்டியும் பிக்காசும் அதிகம் பிடித்த படை. ரோட்டு வெட்டுவது, விமான ஓடுதளம் போடுவது, பாலம் கட்டச் சாமான் சுமப்பது. கான் வெட்டி, ரோட்டு வெட்டிப் பழகிய தோட்டத்து ஆளுக்கு இந்த வேலை புதிதில்லை. மலை மட்டும் வேறு.

எந்த மலை? ஓட்டை விழுந்த கடிதத்துக்கு வாருங்கள். அது எலி கடித்ததில்லை. நாலு ஓரமும் நேர்கோடு, பிளேடால் வெட்டியது. ஊர்ப் பெயரை எழுதியிருப்பார், தணிக்கைக்காரர் வெட்டி எடுத்துவிட்டார். ஆனால் அதற்கு இரண்டு வரி கீழே உள்ளதை அவர் விட்டுவிட்டார்: 'இங்கயும் கொளுந்து ஆயுராங்க மல இல்ல எல்லாம் சமதர.' சமதரையில் தேயிலை! நம் பக்கத்துத் தேயிலை முழுக்க ஏற்ற இறக்கம். நீலகிரியும் அப்படித்தான். பரந்த சமவெளியில் கொழுந்து ஆய்கிற இடம் என்றால், பர்மா எல்லைக்குப் போகிற வழியில், அது அஸாம். அந்தப் போர்முனைக்கு ரோட்டுப் போட அஸாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்தே ஆயிரக்கணக்கான தொழிலாளரை அனுப்பினார்கள். 1944இல் இம்பால், கொஹிமா என்று பெரிய சண்டை நடந்தது அதற்கு அப்பால். தணிக்கைக்காரருக்குக் கொழுந்து என்றால் வெறும் கொழுந்து. தலவாக்கலையில் அதைக் கேட்ட அப்பாயிக்கு, புருஷன் நிற்கிற இடத்தில் பொம்பிளைகள் கூடை போட்டுக்கொண்டு மலைக்குப் போகாமல் தரைக்குப் போகிறார்கள் என்று கண் முன்னால் தெரிந்திருக்கும்.

கூப்பனும் யுத்தம்தான். இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது, இங்கே அரிசிப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. பிள்ளைகள் மா ரொட்டி தின்னக் காரணமான அதே யுத்தத்துக்குத்தான் தகப்பன் ரோட்டு வெட்டிக்கொண்டிருந்தார். 'கூப்பன் அரிசி எவ்வளவு தாராங்க' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது சும்மா இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் எனக்கே சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. 1944 ஏப்ரலிலிருந்து அந்தப் போர்முனைக்கு மேலான தலைமையகம், நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் இருந்த இடம், பேராதனைப் பூங்காவில். அப்பாயியின் லயத்திலிருந்து ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரும் தூரம்.

கடைசிக் கடிதத்தில் நீங்கள் தாண்டிய இன்னொரு வரி: 'சண்ட முடிஞ்சு போச்சு இன்னம் விடல.' தேதி 1945 நவம்பர். ஆகஸ்டிலேயே ஜப்பான் சரணடைந்துவிட்டது, படைகளைக் கலைத்து அனுப்பத்தான் மாதக்கணக்கு எடுத்தது. அந்த வரியில் 'இன்னம்' என்ற சொல்லைப் பாருங்கள். ஊதாவிலும் ஊதா. எழுதி, முனையை நாக்கில் தொட்டு, அதன் மேலேயே இன்னொரு தரம் எழுதியிருக்கிறார்.

இப்போது உறைகள். பட்டாளத்துக் கடிதத்தில் ஊர்ப் பெயருள்ள வழக்கமான தபால் முத்திரை இராது. அதற்குப் பதிலாகக் களத் தபால் நிலைய எண், தேதி, தணிக்கை முத்திரை, அனுப்பினவரின் படை எண் எல்லாம் இருக்கும். களத் தபால் நிலையம் படையோடு சேர்ந்து நகரும். எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மாதம் அது எங்கே இருந்தது என்று பழைய பட்டியல்களில் கண்டுபிடிக்கலாம். பிளேடால் வெட்டிய ஊர்ப் பெயர் உறையில் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எந்த உறை எந்தக் கடிதத்துக்கு உரியது என்று மடிப்பையும் அளவையும் வைத்துச் சோடி சேருங்கள். பென்சிலால் மெல்ல ஒரு இலக்கம் போடலாம், பேனை வேண்டாம்.

உறையின் முன்பக்கம் தோட்டத்து விலாசம் இருக்கிறதே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தில் விண்ணப்பிக்க, இத்தனை வருடம் இங்கே தொடர்ந்து இருந்தோம் என்று காட்ட வேண்டும். அந்த நாட்களில் லயத்தில் எழுத்து உள்ள எந்தத் துண்டையும் யாரும் எறியவில்லை. அப்பாயி 1943ஆம் ஆண்டு இந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்கிற காகிதம் அந்த உறை. அவர் இவற்றைப் புருஷனின் நினைவாக வைத்திருந்தாரா, ஒஃபிசில் காட்ட வைத்திருந்தாரா என்று கேட்டால், ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருந்திருக்கும் என்பேன். பெட்டி அட்டலில் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. அடுப்புப் புகை ஏறிய இடத்தில் பூச்சி குறைவு.

சித்தப்பா வீட்டார் கேட்பதில் எனக்குப் பிழை தெரியவில்லை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள், அதில் உங்கள் சித்தப்பாவும் ஒருவர். தகப்பன் கடுதாசியில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் கட்டைப் பிரிக்காதீர்கள். மூன்றாம் கடிதத்துக் கூரை கோத்தகிரியிலும் கிறுக்கல் கூரை தலவாக்கலையிலும் இருந்தால் இரண்டுமே வெறும் கூரை. முழுவதையும் படம் எடுத்து அவர்களுக்கு ஒரு பிரதி, உங்களுக்கு ஒரு பிரதி. அவர்கள் கையில் ஒரு வேலையும் கொடுக்கலாம். பயனியர் படையின் மையம் பெங்களூரில் இருக்கிறது. படை எண்ணையும் பெயரையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிக் கேட்க, இந்தியாவில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு வசதி அதிகம். பதில் வருமா என்று நான் பொறுப்பேற்க முடியாது. கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

படம் எடுக்கும் முறை சுலபம். ஜன்னல் பக்கத்து வெளிச்சம், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து. பக்கத்தில் ஒரு அடிமட்டம். வெறுமையாக இருக்கும் பக்கத்தையும் எடுங்கள், உறையின் உள்பக்கத்தையும் எடுங்கள். விரும்பினால் நூலகம் நிறுவனத்தாரோடு பேசலாம், மலையக ஆவணங்களையும் எண்ணிம வடிவில் ஏற்றுகிறார்கள். எதை வெளியில் விடுவது, எதை வீட்டோடு வைப்பது என்று முதலில் குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள். அப்பா பிரேம் போடத்தான் வேண்டும் என்று நின்றால், நல்ல கலர்ப் பிரதி ஒன்றை மாட்டுங்கள். சுவரில் தொங்குவது பிரதிதான் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பூஞ்சணத்துக்கு: காற்றில் ஈரம் 65 வீதத்துக்கு மேலே நின்றால் அது வளரும், தலவாக்கலையில் அது வருடத்தில் பெரும்பாலான நாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, மழையில்லாத நாளில் வெளித் திண்ணையில், நிழலில், மெல்லிய புது பிரஷால் ஒரே பக்கமாகத் தட்டி விடுங்கள். தூளாக உதிர்ந்தால் பூஞ்சணம் காய்ந்து அடங்கியிருக்கிறது. பிசுபிசுவென்று இழுத்தால் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே காற்றோட்டமான அறையில் பரப்பி இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது. பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் இடையில் புது போட்டோக்கொப்பித் தாள், எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில், பழைய பருத்திச் சீலைத் துண்டால் சுற்றி. பொலித்தீன் பை வேண்டாம், ஈரத்தை உள்ளே கட்டிவைக்கும். வெளிச் சுவரை ஒட்டிய அலுமாரியும் வேண்டாம். டிரங்குப் பெட்டியைத் தனியாகத் துடைத்து வையுங்கள், துருப்பிடித்த தகரத்துக்குள் இவற்றைத் திரும்பப் போடாதீர்கள்.

ஒட்டிக் கிடக்கும் இரண்டு தாள்களை மட்டும் தொடாதீர்கள். கத்தி நுனி, நகம், கேத்தல் ஆவி, எதுவும் வேண்டாம். ஓரத்தில் ஊதா தெரிகிறது, ஆவி பட்டால் என் தட்டில் நடந்ததுதான் நடக்கும். அவை பென்சிலில் எழுதியவை என்றால் பன்னிரண்டாம் கடிதமும் தாத்தாவின் கையெழுத்தே. பெப்ரவரியில் மழை விட்டுக் காற்றுக் காய்ந்த பிறகு, ஒரு தட்டையான பிஸ்கட் டின்னில் வைத்து என்னிடம் கொண்டு வாருங்கள், பிரிக்க முடிகிறதா என்று பார்ப்போம். வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள். அந்தக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர், அப்பாயி பாய் போடுகிற பக்கம் எந்தச் சுவர் என்று அவருக்குத்தான் தெரியும்.